குரல் கொடுத்தவள்

“நேத்து நீ அழுத அழுகை இருக்கே, வயித்தைப் பிசைஞ்சிடுச்சுடி கீச்சு,” என்றாள் அக்கா.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கீச்சுவுக்கு அதில் முதலில் எதுவும் உறைக்கவில்லை. அழுவதுதான் அவள் பிழைப்பு. சீரியல்களுக்கு டப்பிங் பேசுகிறவள். வேறு மொழியில் எடுத்த தொடர்களில் யார் யாரோ வாயசைப்பார்கள். இவள் இருட்டு அறையில் மைக் முன்னால் நின்று அந்த உதடுகளுக்குள் நம் பேச்சைக் கொண்டுபோய் உட்கார வைப்பாள். காலையில் கார்ட்டூன் அணில், மத்தியானம் கொடுமைக்கு ஆளாகும் மருமகள், சாயங்காலம் இன்னொரு சேனலில் மருமகளைப் படுத்தி எடுக்கும் நாத்தனார் என்று ஒரே தொண்டை மூன்று வேளையும் உழைக்கும். தெருவில் போனால் அவளை யாருக்கும் தெரியாது. கடையில் வாய் திறந்து ஒரு சோப்பு கேட்டால் மட்டும் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று.

அக்கா ஊரின் மறுகோடியில், பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் தனியாக இருந்தாள். அம்மா போன பிறகு பள்ளிச் சீருடை தைத்துத் தைத்துத் தங்கையை ஆளாக்கியவள் அவள்தான். அந்தக் கண்கள் இரண்டிலும் இப்போது புரை. சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அது இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. எதிரில் நிற்பவர் அவளுக்கு ஒரு நிறத் திட்டு, அவ்வளவுதான். ஆளைக் குரலை வைத்துத்தான் பிடிப்பாள். டிவியையும் முக்கால்வாசி காதால்தான் பார்த்தாள்.

இருட்டத் தொடங்கினால் அவளிடமிருந்து போன் வந்துவிடும். முந்தின நாள் பார்த்தது, மறுபடி போட்டதில் பார்த்தது, எந்தக் காலத்திலோ பார்த்தது என்று எல்லாவற்றையும் இருவரும் பிரித்துப் போட்டு அலசுவார்கள். “அந்தக் காலத்து சீரியல்ல ஒரு வீடு, ஒரு பிரச்சனை. வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும், வாரம் பூரா அதையே நினைச்சிட்டிருப்போம். இப்ப என்னடான்னா, பால்ல விஷம் கலக்கறதுக்கே மூணு வாரம் எடுத்துக்கறாங்க. அதுக்குள்ள பால் தானாத் திரிஞ்சிருக்கும்,” என்பாள் அக்கா. “தூங்கறப்பகூட வளையல் சத்தம் கேக்குதே, கழட்டி வச்சிட்டுப் படுக்க மாட்டாங்களா?” என்பாள். புதிதாக வந்த ஒன்று நன்றாக இருக்கிறது என்று ஊரே சொல்கிறது, ஆனால் அதில் யாரும் வாயே திறப்பதில்லை, எனக்கு எப்படிப் புரியும் என்று ஒரு நாள் குறைப்பட்டுக்கொண்டாள். கீச்சுவுக்கு ஊரில் எத்தனையோ பேர் ரசிகர்கள் இருக்கலாம். அவளை அவள் என்று தெரிந்து ரசிக்க இந்த ஒரு ஜீவன்தான்.

இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு சட்டம் உண்டு. முதலாவது, முடிவைச் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீச்சு ஒரு தொடரில் கொலைகாரன் யார் என்று வாய் தவறி உளறிவிட, அக்கா ஒரு வாரம் பேசவில்லை. அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டம். இரண்டாவது சட்டத்தைப் போட்டவள் கீச்சு. கேஸ் கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு எவனோ ஒருவன் வந்து, கண் தெரியாதவளின் வீட்டுக்குள் சாவகாசமாகச் சுற்றி, கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு போனான். மறுநாளே கீச்சு தச்சரைக் கூட்டிப்போய்க் கதவுக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று தாழ்ப்பாள் அடித்தாள். “பொழுது சாஞ்சா என் குரலுக்கு மட்டும்தான் திறக்கணும். கடவுளே வந்து தட்டினாலும் திறக்காதே. நான் வெளிய நின்னு பேசுவேன், கேட்டுட்டு அப்புறம் தாழ்ப்பாள்ல கை வை.” அக்கா சரி என்றாள். கீச்சுவுக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இப்போது பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் கேட்டாள். “எந்த சீரியல்லக்கா அழுதேன்?”

“அதான், பழசெல்லாம் போடறானே அந்த சேனல்ல, செய்தி முடிஞ்சதும். பேர் போடறப்ப நான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுட்டிருந்தேன். பின்னால பாட்டு ஒண்ணும் கிடையாது. வெறும் மழை. ஒரு பொண்ணு இரும்பு கேட்டைப் பிடிச்சிட்டு அழறா. உன் குரல்தான், எனக்குத் தெரியாதா?”

எப்போதோ பேசிக் கொடுத்ததை இப்போது தூசி தட்டிப் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று கீச்சு நினைத்துக்கொண்டாள். ஆனால் படுக்கப் போகும்போது அது ஒரு சின்ன முள்ளாக நெருடியது. பேசிய வேடத்தை அவள் மறந்ததே இல்லை. மழையில் கேட்டைப் பிடித்து அழுத பெண் யாரும் அவள் கணக்கில் இல்லை.

மறுநாள் டப்பிங் அறையில் மருமகளுக்கு அழுகை. பஞ்சு ஒட்டிய சுவர்கள், பழைய கம்பளத்தின் பூஞ்சை வாடை, எதிரே திரையில் வாயைக் கோணிக்கொண்டு அழக் காத்திருக்கும் ஒரு நடிகை. கீச்சு மூச்சை இழுத்து, வழக்கம்போல வயிற்றிலிருந்து எடுத்து விட்டாள். காற்றுதான் வந்தது. சைக்கிள் ட்யூபில் வால்வு பிடுங்கியதுபோல வெறும் காற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரெக்கார்டிங் அண்ணன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினார். “வெந்நீர் குடிச்சிட்டு வாம்மா. காலையில இருந்து அணிலாக் கத்தினா தொண்டை என்னத்துக்காகும்.”

வெந்நீர் குடித்தாள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. வசனம் சுத்தமாக வந்தது. அழுகை மட்டும் வரவில்லை. அழ வேண்டிய இடத்தில் வாய் திறந்தது, தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வீக்கம் இல்லை, புண் இல்லை, எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது, கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள் என்றார். பேசாமல் இருந்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அவரிடம் கேட்கத் தோன்றியது.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா குஷியாக இருந்தாள். “அந்தப் பொண்ணு அழுகையை நிறுத்திட்டாடி. திடீர்னு சிரிக்கிறா. உன் சிரிப்பை எங்க ஒளிச்சு வச்சிருந்தே, மணி மணியா இருக்கு. அப்புறம் கேட்டைத் திறந்துட்டு உள்ள வர்றா. அந்த கேட்டு கிரீச்சுன்னு இழுக்குது பாரு, அப்படியே நம்ம கேட்டு.”

“நான் அதுல பேசலக்கா. அப்படி ஒரு சீரியலே எனக்குத் தெரியாது.”

“ஒரே சமயத்துல மூணுல பேசறவ நீ. எதையோ மறந்திருப்பே. சரி சரி, கதையைச் சொல்லிடாதே.”

செய்தி முடியும் நேரத்துக்குக் கீச்சு தன் வீட்டு டிவியில் அந்தச் சேனலைப் போட்டாள். ஒட்டாத தோசைக்கல்லை விற்கும் ஒருவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அரை மணி நேரமும் அவன்தான். அக்காவைக் கூப்பிட்டாள். “இப்ப ஓடுதாக்கா?”

“ஓடுதே. நீயே கேளு,” என்று அக்கா போனை டிவிப் பக்கம் நீட்டினாள்.

மழைச் சத்தம் கேட்டது. கீச்சுவின் ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம் தெரிந்தது. போனுக்குள் மட்டும் மழை, தகரத்தில் விழுகிற மழை, கல்லில் விழுகிற மழை, எங்கோ ஒரு குழாயில் சளசளவென்று இறங்கும் மழை, அதற்குள்ளே யாரோ நிதானமாக நடந்து வருகிற செருப்புச் சத்தம். பிறகு சிரிப்பு. அவள் சிரிப்பு. தனக்குத் தெரியாமல் யாரோ பதிவு செய்ததுபோல இல்லை. அவள் வாயிலிருந்து இப்போதுதான் வெளியே போனதுபோல இருந்தது.

போனை வைத்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். பல் தெரிந்தது. சத்தம் இல்லை.

அந்த இரவு முழுக்க விளக்கை அணைக்கவில்லை. பயமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது, என் அழுகையையும் சிரிப்பையும் ஒரு சீரியல் எடுத்துக்கொண்டது என்று?

அடுத்த நாள் அக்கா போன் செய்தபோது வெளியே வானம் கறுத்திருந்தது. காற்றில் மண் வாடை. கீச்சு போனை எடுத்தவுடன் வாய் திறந்து, வழக்கமாகச் சொல்லும் முதல் சொல்லைச் சொல்லப் போனாள். அக்கா என்ற சொல் வரவில்லை. மூச்சு மட்டும் போய் மோதியது.

“என்னடி, உஷ்ஷு உஷ்ஷுங்கற?”

“ஒண்ணுமில்ல. தொண்டை சரியில்ல.” இது வந்தது. கரகரவென்று, மணலில் இழுத்ததுபோல வந்தது.

“நேத்து அவ என்ன பண்ணினா தெரியுமா? படி ஏறி வர்றா. ஒவ்வொரு படிக்கும் ‘அக்கா... அக்கா...’ன்னு கூப்பிட்டுட்டே ஏறறா. மேல அவளுக்கு ஒரு அக்கா இருக்கா போல. நடுவுல ஒரு படி டக்குனு ஆடுது. நம்ம மாடிப்படியில கல்லு பேந்துகிட்டு ஒண்ணு ஆடுமே, அதே மாதிரி. நான்கூட ஒரு நிமிஷம் வாசல்லதான் யாரோன்னு நினைச்சிட்டேன்.” அக்கா சிரித்தாள். “பயமாவும் இருக்கு, விடவும் முடியல. அந்தக் காலத்துல பாத்த மாதிரியே இருக்கு.”

கீச்சு விரல் விட்டு எண்ணினாள். கேட்டு. படி. இனி கதவுதான்.

“இன்னைக்கு டிவி போடாதே. கெஞ்சிக் கேக்கறேன்.”

“நல்லா இருக்கே. எனக்குன்னு இருக்கறது இந்தப் பெட்டியும் நீயும்தான். நீ பேசறதையே பாக்காதேன்னா எப்படிடி?”

“அது நான் இல்ல. அது உன் வீட்டுக்குத்தான் வருது. நான் சொல்றதைக் கேளு. கதவை...” தொண்டைக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது. குரல் தேய்ந்துகொண்டே போனது. அவசரமாக, இருக்கிறது எல்லாவற்றையும் திரட்டி, என் குரல் கேட்டால்கூடத் திறக்காதே என்று சொல்லத் தொடங்கினாள். “என் குரல் கேட்டா...”

அதோடு நின்றுபோனது. மீதிக்கு வாய் அசைந்தது. காற்றுகூட வரவில்லை.

“உன் குரல் கேட்டாத்தான் திறக்கணும். எத்தனை தடவைதான் சொல்லுவே, எனக்குத் தெரியாதா?” என்றாள் அக்கா. “தொண்டைக்கு எதாவது சூடாக் குடி. செய்தி முடியப் போகுது, வச்சிடறேன்.”

கீச்சு கத்தினாள். சமையலறை அமைதியாக இருந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, அது கேட்டது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. கை காட்டி நிறுத்திய வாடகைக் கார்க்காரரிடம் போனில் விலாசத்தைத் தட்டிக் காட்டினாள். அவர் இவளை ஊமை என்று நினைத்து இரக்கத்தோடு தலையை ஆட்டினார். வண்டிக்குள் ஈரத் துணியும் பெட்ரோலும் கலந்த வாடை, கண்ணாடியில் துடைப்பான் இழுத்து இழுத்துப் போடும் கீறல் சத்தம், முன்னால் சிவப்பு விளக்குகளாக நீண்டு நிற்கும் வரிசை. பாலத்தில் வண்டி நகரவே இல்லை. அக்காவின் பட்டன் போனுக்குச் செய்தி அனுப்பிப் பயனில்லை, அவளால் படிக்க முடியாது. கூப்பிட்டாள்.

“யாரு?” என்றது அக்காவின் குரல். பின்னால் டிவியில் மழை. “யாருன்னு கேக்கறேன்ல. பேசாம மூச்சு விட்டுட்டிருந்தா என்ன அர்த்தம்? வேலையத்தவங்க.” வைத்துவிட்டாள்.

கீச்சு முன் இருக்கையின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து இந்தக் குரலைத்தான் அக்கா நம்பினாள். தொட்டிலில் கீச்சென்று கத்திய நாளில் அவள் வைத்த பேர்தான் கீச்சு. அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டே ஒன்று படியேறிப் போகிறது, அதற்கு வழி போட்டுக் கொடுத்தவள் நான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. என்னை எடுத்துக்கொள், குரலை வைத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று யாரிடமென்று தெரியாமல் வேண்டினாள்.

மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை அக்கா எடுத்து, “இருங்க, வாசல்ல யாரோ,” என்றாள். போனை மேஜைமேல் வைத்த சத்தம். துண்டிக்கவில்லை.

தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, மரியாதையாக.

“யாரது?”

“அக்கா, நான்தான். கீச்சு.”

கீச்சு காரின் பின்னிருக்கையில் தலையைத் தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை. இல்லை.

“இந்த மழையில எதுக்குடி வந்தே? தொண்டை சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சுக்கா. கதவைத் திற. உன்கூட உக்காந்து பாக்கலாம்னு வந்தேன்.”

மேல் தாழ்ப்பாள். நடுத் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். கீச்சு அடித்து வைத்த மூன்றும், எண்ணெய் போட்டு வைத்த மூன்றும், அழகாகத் திறந்துகொண்டன. பிறகு மறுபடி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. போன் அணைந்தது.

கார்க்காரர் கண்ணாடியில் பார்த்தார். “ஏம்மா, உடம்புக்கு முடியலையா?”

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினாள். பாலம். கடைத்தெரு. மூடிய கடைகளின் இரும்புக் கதவுகள். முழங்கால் வரை தண்ணீர். தெரு விளக்கு ஒன்று எரிந்து எரிந்து அணைந்தது. கேட்டை இழுத்தாள். கிரீச்.

மாடிப்படி காய்ந்திருந்தது. அவளுக்கு முன்னால் மழையில் நனைந்து ஏறியவர் யாரும் இல்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆடும் படி அவள் காலுக்கடியில் டக்கென்றது. மேலே, அக்காவின் கதவுக்கு அடியில், நீல வெளிச்சம் அசைந்தது.

தட்டினாள். உள்ளங்கையால் அடித்தாள். தோளால் மோதினாள். கதவு அசையவில்லை. அசையக் கூடாதென்றுதானே அடித்து வைத்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பனியனோடு ஒரு மனிதர், புதிதாகக் குடிவந்தவர், கையில் ரிமோட்டோடு நின்றார். “யாரும்மா நீங்க? எதுக்கு இப்படி இடிக்கறீங்க?”

போனில் தட்டிக் காட்டினாள். நான் அவங்க தங்கை. உள்ளே இருப்பது நான் இல்லை. உதவி செய்யுங்க.

அவர் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அக்காவின் கதவுப் பக்கம் காதைச் சாய்த்தார். உள்ளே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, இன்னொருத்தி மணி மணியாகச் சிரித்தாள்.

“அவங்க தங்கச்சி உள்ளதான் இருக்காங்க. அந்தக் குரல் எனக்கு நல்லாத் தெரியும், தினமும் எங்க வீட்டு டிவில கேக்கறதுதான், தங்கச்சி குரல்னு அவங்களே சொல்லியிருக்காங்க.” அவர் இவளை, சொட்டச் சொட்ட நனைந்த உடையை, ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். முகத்தில் இரக்கமும் பயமும் சரிபாதி. “போயிடும்மா. எந்த வீடோ, உங்க வீட்டுல தேடுவாங்க.” அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டார்.

மாடி நடையின் ஓரத்தில் ஜன்னல். உள்ளே அக்கா தைத்துப் போட்ட திரைச்சீலை, சீருடைத் துணியில் மிஞ்சியது, ஒரு விரல் அகலத்துக்கு எப்போதும் சேராமல் நிற்கும். கீச்சு கம்பிக்குள் முகத்தை அழுத்தினாள்.

அக்காவின் நாற்காலி. அக்காவின் நரைத்த பின்னல். கால்மேல் போர்வை. உயிரோடு இருந்தாள். சந்தோஷமாக இருந்தாள்.

பக்கத்தில், கீச்சு வந்தால் உட்காரும் இடத்தில், ஒன்று உட்கார்ந்திருந்தது. டிவி வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. முகம் தெரிந்தது. எந்தத் தொடரிலோ பார்த்த முகம். அந்த மருமகளின் கண். அந்த நாத்தனாரின் புருவம். அவள் இத்தனை வருடமாகக் குரல் கொடுத்த முகங்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அக்காவுக்கு அது ஒரு நிறத் திட்டு.

“யாருடி வாசல்ல இடிச்சது?” என்றாள் அக்கா.

“யாருமில்லக்கா. சீரியல்லதான்.”

குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் உதடு அசைந்தது. ஒட்டவில்லை. ஒரு கணம் பின்தங்கி, வேறு ஏதோ மொழி பேசுவதுபோல அசைந்தது.

டிவியில் ஒரு ஜன்னல் தெரிந்தது. திரைச்சீலையின் இடுக்கில் நனைந்த முகம் ஒன்று. கீச்சு வாயைத் திறந்தாள். டிவியில் அந்த முகமும் வாயைத் திறந்தது. அக்கா. அக்கா. அக்கா. கம்பியை உலுக்கினாள். ஜன்னல் கண்ணாடியில் குத்தினாள். கை கிழிந்தது. டிவியிலும் ரத்தம் வழிந்தது.

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவிப் பக்கம் குனிந்தாள். “ஏதோ ஒண்ணு வாயை வாயை அசைக்கிற மாதிரி மங்கலாத் தெரியுது. சத்தமே வரலியே. பாவம், இந்தப் பொண்ணுக்கு யாரும் குரல் குடுக்கலையா?”

“இல்லக்கா. இவளுக்கு யாருமில்ல.”

“த்ச். பாக்கவே பாவமா இருக்கு. யாரைக் கூப்பிடறாளோ.”

“முடிவு எனக்குத் தெரியும்க்கா. சொல்லட்டுமா?”

“சொல்லாதே. சட்டம் சட்டம்தான்.”

“இன்னைக்கு மட்டும்.”

அக்கா சிரித்தாள். அந்தப் பக்கம் கையை நீட்டி, சின்ன வயதில் கீச்சுவின் தலையைத் தடவியதுபோலவே, அதன் தலையைத் தடவினாள். “ரொம்பத்தான் ஆசைப்படறே. சரி, வயசாயிடுச்சு, சட்டம் என்ன சட்டம். சொல்லித் தொலை. காதுல சொல்லு.”

அது அக்காவின் காதுப் பக்கம் சாய்ந்தது. சாயும்போது தலையைத் திருப்பி, ஜன்னலைப் பார்த்தது.

கீச்சுவின் குரல், தெளிவாக, அன்பாக, ஒரு வரியில் முடிவைச் சொன்னது. “அந்தக் குரலில்லாதவதான் நிஜத் தங்கச்சின்னு அக்காவுக்குக் கடைசி நிமிஷத்துலதான் தெரியுதுக்கா.”

அக்காவின் கை தடவுவதை நிறுத்தியது.

அதற்குப் பிறகுதான் அதன் வாய் திறக்கத் தொடங்கியது. குரல் எப்போதோ முடிந்துவிட்டது. வாய் மட்டும், அக்காவின் தலையைவிடப் பெரிதாக, திறந்துகொண்டே போனது.